தொப்பூர் கணவாயும் பதினோராம் வகுப்பு இயற்பியலும்



தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூர் கணவாயில் எப்படி இறங்குகிறது என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்குள்ள கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்களை வெளியூர்க்காரர்கள் அறிந்ததே விபத்துச் செய்திகளின் வழியாகத்தான். 2020 டிசம்பரில் கட்டுப்பாடு இழந்த ஒரு லாரியால் பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அடுத்தடுத்து மோதி, நான்கு பேர் உயிரிழந்தார்கள். அதற்கு முன்னும் அங்கே உயிர்கள் போயின, அதற்குப் பின்னும் போகின்றன. இதே மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் கரும்பலகையில் ஒரு சாய்தளம் வரையப்படுகிறது. அதன் மேல் ஒரு கட்டை, கட்டையின் மீது செயல்படும் விசைகளுக்கு அம்புக்குறிகள், கீழே ஒரு சூத்திரம். மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள், தேர்விலும் எழுதுகிறார்கள். அந்தக் கட்டைதான் தொப்பூரில் இறங்கும் லாரி என்று வகுப்பில் யாரும் சொல்வதில்லை. பாடம் நடத்தும் வரிசையைக் கொஞ்சம் மாற்றினால் இந்த இடைவெளியை மூடலாம் என்பதே நான் இன்று முன்வைக்கும் வாதம். முதலில் சிக்கல் வரட்டும், அதை அவிழ்க்கத் தேவைப்படும்போது சூத்திரம் வரட்டும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இப்படி வரிசையை மாற்றினால் ஆசிரியரின் வேலை குறையாது, கூடும்.

இப்படிச் சிக்கலிலிருந்து தொடங்கும் சிக்கல்வழிக் கற்றல் பள்ளிக்கூடத்தில் பிறந்த முறை அல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த மருத்துவக் கல்லூரி, உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல் எல்லாவற்றையும் தனித்தனியே முடித்த பிறகுதான் நோயாளியைக் காட்டுவது என்ற பழைய ஒழுங்கைக் கைவிட்டது. முதல் வாரங்களிலேயே ஒரு நோயாளியின் நிலையை மாணவர் குழுவுக்குக் கொடுத்து, இவருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கண்டுபிடிக்க எதையெல்லாம் படிக்க வேண்டும் என்று கேட்டது. ஹோவர்ட் பாரோஸ் போன்றவர்கள் இதை ஒரு முறையாக வகுத்தார்கள். பிற்பாடு அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பார்பரா டச் இதை இயற்பியலுக்குக் கொண்டுவந்தார். அவர் எழுதிய சிக்கல்களுள் பெயர்பெற்ற ஒன்று, சாலைச் சந்திப்பில் இரண்டு வாகனங்கள் மோதிக்கொண்ட விபத்தைப் பற்றியது. டயர்கள் இழுபட்ட தடமும் வாகனங்களின் எடையும் கொடுக்கப்பட்டிருக்கும். தவறு யாருடையது என்று மாணவர்கள் சொல்ல வேண்டும். உந்தமும் உராய்வும் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. நம் பாடநூல்களிலும் கணக்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை அத்தியாயத்தின் கடைசியில் வருகின்றன. எந்தச் சூத்திரத்தில் எந்த எண்ணைப் போட வேண்டும் என்பது அதற்குள் மாணவருக்குத் தெரிந்துவிடுகிறது, மிச்சம் இருப்பது பெருக்கலும் வகுத்தலும்தான். எந்த அத்தியாயத்தைத் திறப்பது என்று மாணவரே முடிவு செய்ய வேண்டிய இடத்தில்தான் சிக்கல்வழிக் கற்றல் தொடங்குகிறது.

தொப்பூரையே ஒரு சிக்கலாக வகுப்பின் முன் வைத்துப் பார்ப்போம். கேள்வி இதுதான்: பாரம் ஏற்றிய ஒரு லாரி, பிரேக் நல்ல நிலையில் இருந்தும், கணவாயில் பாதி தூரம் இறங்கியபின் நிற்க மறுப்பது ஏன்? மொத்த நிறை 30 டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் அது இழக்கும் நிலை ஆற்றல் 2 கோடியே 94 லட்சம் ஜூல். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமென்றால் இந்த ஆற்றல் முழுவதும் வேறெங்காவது போயாக வேண்டும். ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பினால் அது அப்படியே பிரேக் டிரம்மில் வெப்பமாகும். எல்லாச் சக்கரங்களின் டிரம்களும் சேர்ந்து 500 கிலோ வார்ப்பிரும்பு என்றும், அதன் தன்வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு 460 ஜூல் என்றும் கொண்டால், காற்றில் போகும் வெப்பத்தை விட்டுவிட்டுப் பார்க்கும்போது வெப்பநிலை ஏறக்குறைய 128 டிகிரி உயரும். இது முதல் 100 மீட்டர் உயரத்துக்கு மட்டும். அடுத்த 100 மீட்டருக்கு இன்னொரு 128. சூடேறிய டிரம் விரிந்து பிரேக் ஷூவிலிருந்து விலகுகிறது, லைனிங்கின் உராய்வும் குறைகிறது. பிரேக் பழுதாகவில்லை, தன்னால் முடிந்த வெப்பத்தை எல்லாம் வாங்கிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் ஓடும் வாகனத்தின் இயக்க ஆற்றல், அதே வாகனம் சுமார் 25 மீட்டர் உயரம் இறங்கும்போது இழக்கும் நிலை ஆற்றலுக்குச் சமம். நிறை இரு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. ஆக, 100 மீட்டர் உயரத்தைப் பிரேக்கிலேயே இறங்குவது என்றால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நான்கு முறை அடுத்தடுத்து முழுதாக நிறுத்துவதற்கு ஈடான வெப்பத்தை அந்த டிரம்கள் தாங்க வேண்டும். சாலையைப் பார்த்தால் இது தெரியாது. சரிவு மென்மையாகத்தான் கண்ணுக்குப் படுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த அளவை எழுதிப் பார்க்க வைப்பதால்தான் இயற்பியலுக்கு மதிப்பு.

இந்தச் சிக்கலின் உண்மையான பயன் விடையில் இல்லை, விடைக்குப் போகும் வழியில் மாணவர் தடுமாறும் இடங்களில் இருக்கிறது. பாரமான லாரி வேகமாக இறங்கும், அதனால்தான் விபத்து என்று வகுப்பில் பெரும்பாலோர் சொல்வார்கள். பாரமான பொருள் வேகமாக விழும் என்ற பழைய நம்பிக்கையின் இன்னொரு வடிவம்தான் இது. கலிலியோவின் பெயரைச் சொல்லி எத்தனை முறை மறுத்தாலும் அந்த நம்பிக்கை தேர்வுத்தாளுக்கு வெளியே உயிரோடு இருக்கும். இங்கே மாணவர் அதைக் கணக்கிட்டுப் பார்த்தாக வேண்டும். பிரேக் போடாமல் உருளும்போது முடுக்கத்தில் நிறைக்குப் பங்கில்லை (காற்றுத் தடையைச் சேர்த்தால் பாரமான லாரி சற்றே முந்தும், அது வேறு விஷயம்). ஆனால் 10 டன் நிறையுள்ள காலி லாரியில் அதே டிரம்கள் 43 டிகிரிதான் சூடேறும், 30 டன் லாரியில் 128. பாரம் மூன்று மடங்கு, வெப்பமும் மூன்று மடங்கு, இரும்பு மட்டும் அதே 500 கிலோ. ஆபத்து பாரத்தால்தான் வருகிறது, ஆனால் மாணவர் நினைத்த வழியில் வரவில்லை. தன் எண்ணம் எந்த இடத்தில் சரி, எந்த இடத்தில் பிழை என்று இப்படிப் பிரித்துப் பார்த்தவர் அதை எளிதில் மறக்கமாட்டார்.

மெதுவாக இறங்கினால் வெப்பம் குறையுமா என்பது அடுத்த தடுமாற்றம். மொத்த வெப்பம் குறையாது, உயரம் அதேதான். 100 மீட்டர் சாலைக்கு 4 மீட்டர் இறக்கம் என்று கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 100 மீட்டர் உயரத்தை இறங்க ஐந்து நிமிடம் ஆகும். அப்போது வெப்பம் 98 கிலோவாட் வீதத்தில் உண்டாகிறது, ஏறத்தாழ நூறு இஸ்திரிப் பெட்டிகள் ஒன்றாகச் சூடாவதைப் போல. 60 கிலோமீட்டர் வேகத்தில் நேரம் பாதியாகிறது, வீதம் இரட்டிப்பாகிறது, காற்று டிரம்மைக் குளிர்விக்கக் கிடைக்கும் அவகாசமும் சுருங்கிவிடுகிறது. ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில்தான் கியர் வருகிறது. எந்தக் கியரில் மேடு ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது லாரி ஓட்டுநர்களிடையே வழங்கும் விதி. கீழ்க் கியரில் என்ஜினே லாரியை இழுத்துப் பிடிக்கிறது, பிரேக்குக்குப் போக வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் அந்த உதவி போய்விடுகிறது. என்ஜினையே அணைத்துவிட்டால் ஏர் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நின்றுவிடும், மிதிக்க மிதிக்கத் தொட்டியில் காற்றழுத்தம் இறங்கும். வண்டி ஓட்டுபவர்களின் பிள்ளைகள் இந்த விதிகளை வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். அந்த அறிவுக்கு வகுப்பறையில் இடம் கிடைப்பதும், அதற்கான காரணம் அவர்கள் கையாலேயே எழுதப்படுவதும் சின்ன விஷயமல்ல.

நம் பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூலில் இந்தச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இயக்க விதிகள் மூன்றாம் அலகு, வேலை, ஆற்றல், திறன் நான்காம் அலகு. வெப்பமும் வெப்ப இயக்கவியலும் எட்டாம் அலகு, அதுவும் இரண்டாம் தொகுதியில். லாரியில் ஒரே நொடியில் சேர்ந்து நடப்பவை புத்தகத்தில் பல மாத இடைவெளியில் வருகின்றன. நூலை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எந்தப் பாடநூலுக்கும் ஒரு வரிசை வேண்டும். பிரித்து வைத்ததை மறுபடி சேர்க்கும் வேலை வகுப்பறையில் நடந்தாக வேண்டும், அதற்குச் சிக்கலைப் போலப் பொருத்தமான கருவி வேறில்லை.

சரி, இதற்குச் சான்று இருக்கிறதா? இயற்பியலில் நல்ல சான்று இருக்கிறது. 1992-இல் ஹெஸ்டினெஸும் உடன் பணியாற்றியவர்களும் விசை பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் கணக்குப் போட வேண்டியதில்லை, எது ஏன் நகர்கிறது என்று புரிந்திருந்தால் போதும். அந்த வினாத்தொகுப்பை வைத்து ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 பாடப்பிரிவுகளைச் சேர்ந்த 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். பாடத்துக்கு முன் தெரியாதிருந்தவற்றில், வழக்கமான விரிவுரை வகுப்புகளில் மாணவர்கள் சராசரியாக 23 விழுக்காட்டையே புதிதாகப் பிடித்துக்கொண்டார்கள். மாணவர் பேசியும் செய்தும் கற்ற வகுப்புகளில் இது 48 விழுக்காடு. அந்த வகுப்புகள் எல்லாம் சிக்கல்வழிக் கற்றல் அல்ல, பலவகை முறைகள் அதில் அடங்கும். இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சிக்கல்வழிக் கற்றலை மட்டும் ஆராய்ந்த 43 ஆய்வுகளை டோச்சியும் உடனாய்வாளர்களும் 2003-இல் சேர்த்துப் பார்த்தபோது, அறிவைப் பயன்படுத்தும் திறனில் தெளிவான நன்மை தெரிந்தது. வெறும் தகவல் அறிவில் சற்றுப் பின்னடைவுகூட இருந்தது. ஆனால் கற்றது நெடுநாள் நினைவில் நின்றது. எனவே, எந்தத் தேர்வுக்கும் எந்தப் பிள்ளைக்கும் இதுவே சிறந்த வழி என்று நான் சொல்லமாட்டேன். கற்றதை எடுத்துப் பயன்படுத்தத் தெரிய வேண்டும் என்பது நோக்கமானால் சான்று இதன் பக்கம் இருக்கிறது.

கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரையில், புதிதாகக் கற்பவரைக் குறைந்த வழிகாட்டுதலோடு சிக்கலில் இறக்கிவிட்டால் அவருடைய நினைவு, தேடுவதிலேயே செலவாகிவிடும், கற்பதற்கு மிச்சம் இருக்காது என்று வாதிட்டார்கள். இதைத் தருமபுரியில் வைத்துப் பார்த்தால் மறுப்பின் கூர்மை இன்னும் கூடுகிறது. வீட்டில் படித்தவர் இல்லாத முதல் தலைமுறை மாணவருக்குத் தெளிவான விளக்கம் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பள்ளிதான். அங்கேயும் நீயே கண்டுபிடி என்று விட்டுவிட்டால், டியூஷனுக்குப் போகும் பிள்ளைதான் முந்தும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்த மறுப்பு வழிகாட்டாமல் விடுவதை மறுக்கிறதே தவிர, சிக்கலை முன்னே வைப்பதை மறுக்கவில்லை. அடுத்த ஆண்டே மெலோ-சில்வரும் மற்றவர்களும் எழுதிய பதிலும் இதைத்தான் சொன்னது: நன்றாக நடத்தப்படும் சிக்கல்வழி வகுப்பில் வழிகாட்டுதல் ஏராளம். தொப்பூர் கணக்கில் ஆசிரியர் டிரம்மின் நிறையைக் கொடுக்கிறார், காற்றுக் குளிர்ச்சியை இப்போதைக்கு ஒதுக்கச் சொல்கிறார், குழு திசை தவறும்போது இந்த ஆற்றல் எங்கே போயிற்று என்று கேட்கிறார். அந்தக் கேள்வி எழுந்தபின் தன்வெப்ப ஏற்புத்திறனை இருபது நிமிடம் கரும்பலகையில் நேராகவே நடத்துகிறார். அதன்பின் அதே வகைக் கணக்கு ஐந்தாறு போட வைக்கிறார். நேரடி விளக்கம் எங்கும் போய்விடவில்லை. அது தேவைப்படும் நேரத்தில் வருகிறது, தேவை என்ன என்று தெரிந்த காதுகளில் விழுகிறது. ஹார்வர்டில் டெலோரியேவும் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வையும் ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தாமே முயன்று கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். வகுப்பில் முணுமுணுப்பு எழும். முறை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருளல்ல.

போர்ஷன் முடியாது, பொதுத்தேர்வு இருக்கிறது என்பது நாம் எப்போதும் கேட்கும் பதில். பதினோராம் வகுப்பை ஓரங்கட்டிவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் பழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அது நீக்கப்பட்டிருக்கிறது. பழைய பழக்கம் திரும்பும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்த ஓராண்டை நல்லதற்கும் பயன்படுத்தலாம். ஆண்டு முழுக்கச் சிக்கல்வழியிலேயே நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெக்டர் கூட்டலுக்கும் பரிமாணப் பகுப்பாய்வுக்கும் பழகிப் பழகித்தான் கை வரும், அங்கே சிக்கல் வீண் சுற்று. பருவத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஆறேழு பாடவேளை, அவ்வளவுதான் கேட்கிறேன்.

தேர்வு மாறாமல் வகுப்பு மட்டும் மாறி நிலைக்காது என்பதை ஹோஷங்காபாத் நமக்குக் கற்றுத்தந்தது. மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 1972-இல் கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் சோதனைவழி அறிவியல் கல்வியைத் தொடங்கின. பிற்பாடு ஏகலவ்யா அமைப்பு அதை நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு விரித்தது. பிள்ளைகள் கேள்வி எழுதி அனுப்ப ‘சவாலிராம்’ என்று ஒரு கற்பனை மனிதரையே உருவாக்கி வைத்தார்கள். தேர்வில் புத்தகத்தையும் தங்கள் குறிப்பேட்டையும் பார்த்து எழுதலாம். செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. புத்தகம் கையில் இருக்கும்போது மனப்பாட வினா கேட்பதில் பொருளில்லை, எனவே வினாத்தாள் தானாகவே சிந்தனைக்குத் திரும்பியது. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் ஓடிய அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. வசதியற்ற கிராமப்புறப் பள்ளியில் இது நடக்காது என்பவர்களுக்கு அந்த முப்பது ஆண்டுகளே பதில். இத்தகைய திட்டம் அரசாணை ஒன்றால் நின்றுவிடக்கூடியது என்பதையும் அதே வரலாறு சொல்கிறது.

நம் மாநிலத்துக்கும் அனுபவம் இருக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் போனது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் சோதனைகளைக் கொண்டுபோகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கலை எடுத்து ஆய்வு செய்கிறார்கள். இவற்றில் எதுவும் மேல்நிலை வகுப்பின் தினசரிப் பாடவேளைக்குள் நுழையவில்லை. செய்து பார்த்துக் கற்கும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு தாண்டியதும் வினா-விடைக் கையேட்டுக்குள் அடைபடுகிறது. கற்கும் ஆற்றல் முதிரும் வயதில் கதவைச் சாத்துகிறோம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

விபத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருவது சரியா என்ற கேள்வியும் எழும். அந்தச் சாலையில் தந்தையை இழந்த பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். ஆகவே குறிப்பிட்ட எந்த விபத்தையும் பாடமாக்கக் கூடாது, செய்தித்தாள் படங்களை ஒட்டக் கூடாது. நான் முதலில் வைத்த கேள்வியையும் திருப்பிப்போட்டு, பத்திரமாக இறங்கும் லாரியில் தொடங்க வேண்டும். அது எப்படிப் பத்திரமாக இறங்குகிறது என்பதுதான் கேள்வி. இயற்பியலுக்கு அந்த வடிவமே போதும்.

உள்ளூரையே சுற்றிக்கொண்டிருந்தால் பிள்ளைகளின் உலகம் குறுகிவிடாதா என்றும் கேட்பார்கள். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பு மனைகள் இருக்கின்றன. இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். வளர்ந்த புழுவுக்கு 24 டிகிரியை ஒட்டிய வெப்பமும் குறைந்த ஈரப்பதமும் வேண்டும். கோடையில் ஈரச் சாக்கு கட்டினால் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மனை குளிர்கிறது. ஆனால் ஈரப்பதம் ஏறுகிறது, வளர்ந்த புழுவுக்கு அதுவே கேடு. சாக்கை எப்போது கட்டுவது, சன்னலை எப்போது திறப்பது? இந்தக் கேள்வியை அவிழ்த்த மாணவர் உள்ளுறை வெப்பத்தை மட்டும் கற்கவில்லை. பெரிய தொழிற்சாலையின் குளிர்விப்புக் கோபுரத்தையும் அவரால் புரிந்துகொள்ள முடியும். அடுத்து, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இந்த மாவட்டத்துக்குக் காவிரி நீரைக் கொண்டுவர ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் ஏற்றக் குறைந்தபட்சம் 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் வீட்டுக் குழாயில் வரும் ஒரு குடம் தண்ணீருக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது, அதில் எவ்வளவு மோட்டாரிலும் குழாயிலும் வீணாகிறது என்று கணக்கிட, ஊர்களின் கடல்மட்ட உயரத்தை வரைபடத்தில் தேட வேண்டும், பம்பு நிலையத்தில் கேட்க வேண்டும். உள்ளூர்ச் சிக்கலிலிருந்து புறப்பட்டவர் உள்ளூரிலேயே நின்றுவிடுவதில்லை.

இந்த மூன்றும் போதும், ஓராண்டுக்கு. இயக்கமும் ஆற்றலும் நடக்கும் முதல் பருவத்தில் தொப்பூர், அடுத்ததில் ஒகேனக்கல், வெப்பம் வரும்போது பட்டு. மாவட்டத்தின் இயற்பியல் ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் நான்கைந்து நாள் ஒன்றாக உட்கார்ந்து இவற்றை எழுதலாம். எந்தக் கட்டத்தில் எந்தத் தரவைக் கொடுப்பது, எந்தத் தவறான எண்ணம் எங்கே தலைகாட்டும், எங்கே நிறுத்தி நேராக விளக்குவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். குழுவில் லாரியோடு பழகிய ஒரு பையனே பேசிக்கொண்டிருக்க மாணவிகள் எழுதித்தரும் வேலைக்குத் தள்ளப்படாமல் பார்ப்பதும் அந்தக் குறிப்பில் இடம்பெற வேண்டும். இயற்பியலுக்குரிய 100 மதிப்பெண்ணில் 10 அகமதிப்பீட்டுக்கு உரியது. அந்தப் பத்தில் ஒரு பங்கு, குழு எழுதிய அறிக்கைக்கும் அதைப் பற்றி ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தனியே கேட்கப்படும் இரண்டு கேள்விகளுக்கும் போகட்டும். காலாண்டுத் தேர்வுத்தாளில் ஒரே ஒரு வினா, வகுப்பில் பார்க்காத சரிவில், வேறு நிறையுள்ள பேருந்து ஒன்றைக் கொடுத்து, ஓட்டுநர் எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்றும் ஏன் என்றும் கேட்கட்டும்.